காத்திருந்தவனின் பள்ளிக்கூடம்

மச்சுக்கு ஏறும் படி ஒடுக்கமானது. தோள் சுவரில் உரசாமல் ஏற முடியவில்லை. மேலே போனதும் ஓட்டுச் சரிவுக்கு அடியில் தலையைக் குனிந்தபடி நின்றேன். கூரையிடுக்கில் விழுந்த வெளிச்சக் கீற்றில் தூசி மிதந்தது. பழைய மரமும் காய்ந்த புழுதியும் கலந்த மணம். சிறுவயதில் எங்கள் வீட்டுப் பரணில் ஒளிந்து விளையாடிய நாட்களின் மணம். காலடியில் பலகை கிறீச்சிட்டது. நான்கு எட்டு வைத்தேன், திரும்பினேன், மறுபடி நான்கு எட்டு. பதினேழு வயதுப் பையன் ஒருவன் தூக்கம் பிடிக்காமல் இரவெல்லாம் இப்படித்தான் நடந்தான். கட்டிலில் கிடந்தபடி பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இருவரும் ஒரு நாவலில் வருகிறவர்கள். மச்சு மட்டும் நிஜம்.

ஊரின் பெயர் எபினேய்-லெ-ஃப்ளேரியேல். ஃபிரான்சின் நடுமையம் எங்கள் மண்ணில்தான் என்று உரிமை கொண்டாடும் ஊர்கள் இந்தப் பக்கத்தில் சில உண்டு. எபினேய்க்கு அந்தப் பெருமையும் இல்லை. ஒரு தேவாலயம், சில தெருக்கள், ஷேர் ஆற்றை நோக்கிச் சரியும் மேய்ச்சல் நிலம், இந்தப் பள்ளிக்கூடம். 1891-இல் ஓர் ஆசிரியத் தம்பதி இங்கே மாற்றலாகி வந்தார்கள். கணவர் பெரிய பிள்ளைகளுக்கும் மனைவி சின்னக் குழந்தைகளுக்கும் பாடம் சொன்னார்கள். பள்ளிக் கட்டடத்திலேயே குடியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் ஆன்ரி அப்போது ஐந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் வயதில் படிப்புக்காகப் பாரிசுக்குப் போகும்வரை இந்த முற்றம்தான் அவன் உலகம். பிற்பாடு அலேன் ஃபூர்னியே என்ற புனைபெயரில் 'லெ கிரான் மோன்' என்ற நாவலை எழுதினான். 1913-இல் அது வந்தது. அடுத்த ஆண்டு போரில் இறந்துபோனான். முடித்த நாவல் அது ஒன்றுதான்.

நான் அதைப் பத்தொன்பது வயதில், புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தபோது வாசித்தேன். முனை மழுங்கிய பழைய பதிப்பு. எனக்கு முன் வாசித்த யாரோ கடினமான சொற்களுக்கெல்லாம் பென்சிலால் தமிழில் பொருள் எழுதியிருந்தார். பாதிக்கு மேல் அந்தப் பென்சில் எழுத்து நின்றுவிட்டது. கதையின் வேகத்தில் அகராதியை மூடி வைத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபிரான்சுவா செரேல் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியரின் மகன். காலில் கோளாறு, ஊர்ப் பையன்களோடு ஓடியாட முடியாமல் வளர்ந்தவன். ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, தங்கிப் படிக்க ஒரு மாணவன் வந்து சேர்கிறான். பெயர் ஒகுஸ்தேன் மோன். நெடுநெடுவென்று உயரம். வந்த அன்றே மச்சில் ஏறி, ஜூலைத் திருவிழாவில் வெடிக்காமல் மிஞ்சிய வாணங்களைக் கண்டெடுத்து முற்றத்தில் கொளுத்துகிறான். ஃபிரான்சுவாவின் அடங்கிய வாழ்க்கையில் அதுதான் முதல் வெளிச்சம். கிறிஸ்துமசுக்கு முன்னால் ரயிலடிக்குப் போகிறேன் என்று குதிரை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் மோன், வழி தவறி, இரவில் அலைந்து, காட்டுக்குள் பாழடைந்த ஒரு மாளிகையை அடைகிறான். அங்கே ஒரு கல்யாண வைபவம். சட்டதிட்டமெல்லாம் குழந்தைகள் கையில். எல்லாரும் பழங்காலத்து உடையில் இருக்கிறார்கள். குளத்தில் படகு விடுகிறார்கள். அந்தப் படகில் இவோன் த கலே என்ற பெண்ணைப் பார்க்கிறான். ஆனால் மணப்பெண் வரவேயில்லை. மாப்பிள்ளையான ஃபிரான்ட்ஸ், இவோனின் சகோதரன், மனம் உடைந்து போகிறான். விளக்குகள் அணைகின்றன, வண்டிகள் கலைகின்றன. மூன்று நாள் கழித்து மோன் பள்ளிக்குத் திரும்பும்போது அவன் சட்டைக்குள் ஒரு பட்டு வெயிஸ்ட்கோட்டு இருக்கிறது, முத்துச்சிப்பிப் பொத்தான் வைத்தது. போன வழி மட்டும் நினைவில் இல்லை.

அந்த வழியைத் தேடுவதுதான் நாவல். பத்தொன்பது வயதில் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

நாற்பதைத் தாண்டி மறுபடி வாசித்தபோது மோன்மேல் கோபம் வந்தது. தேடிய பெண் கிடைக்கிறாள். கல்யாணமும் நடக்கிறது. மணநாள் மாலையிலேயே காட்டுக்குள்ளிருந்து ஃபிரான்ட்சின் கூவல் கேட்கிறது. கூப்பிட்டால் வருகிறேன் என்று எப்போதோ பையனாக இருந்தபோது கொடுத்த வாக்கு. அந்த வாக்கைச் சொல்லி, மணமான மறுநாளே அவளை விட்டுப் போய்விடுகிறான். கர்ப்பிணியான அவளுக்குத் துணையிருந்தவன் ஃபிரான்சுவா. பிரசவத்தை ஒட்டி அவள் இறந்த பிறகு அந்த வீட்டில் நின்றவனும் அவனே. இந்தக் கதையை நமக்குச் சொல்கிறவனும் அவன்தான்.

அவனுக்காகத்தான் இந்தப் பயணம். மோனின் மாளிகையைத் தேடிப் போகிறவர்கள் நூறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஃபிரான்சுவா காத்திருந்த இடங்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

பாரிசில் தங்கியிருந்தது யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வீட்டில். எழுத்தாளர் பிறந்த ஊர் லா ஷபேல்-தான்ஜியோன். காலையில் அந்தப் பெயரைச் சொன்னதும் அவர் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

"லாச்சப்பலுக்கோ? இஞ்சயிருந்து மெட்ரோவில பத்து நிமிசம் அண்ணை. அதுக்கேன் ரயில்?"

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதிக்கு அந்தப் பெயர்தான். இது வேறு என்று சொல்லிக் கதையையும் சொன்னேன். தொலைந்துபோன வழி என்ற இடம் வந்ததும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். ஊரைவிட்டு வெளிக்கிட்டு இருபத்தைந்து வருடம் கழித்து வீட்டைப் பார்க்கப் போனாராம். இராணுவம் அப்போதுதான் காணியை விட்டிருந்தது. "கிணறு இருந்தது அண்ணை. அதை வச்சு வீடு எதெண்டு பிடிச்சிட்டன். ஆனா வீட்டுக்குப் போற ஒழுங்கை இல்லை. எந்தப் பக்கத்தால உள்ளுக்குப் போறதெண்டு தெரியாமல் நிண்டுட்டன்." அதற்குமேல் அவர் பேசவில்லை. ரயிலடி வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து பூர்ஜ் நகருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கே வாடகைக்குக் கார் எடுத்து முதலில் வடக்கே போனேன்.

வடக்கே இருப்பது சொலோஞ். மணலும் களியும் கலந்த மெலிந்த மண். தண்ணீர் இறங்காது, நிற்கும். ஒரு காலத்தில் காய்ச்சலுக்குப் பேர்போன சீமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மூன்றாம் நெப்போலியன் இங்கே நிலம் வாங்கி, சதுப்பை வடித்து, பைன் மரம் நடச் செய்தான். இன்றைக்கு ஆயிரக்கணக்கான குளங்களும், அவற்றைச் சுற்றிக் காடும், காட்டுக்குள் செங்கல் மாளிகைகளும், இலையுதிர்காலம் பிறந்தால் வேட்டைத் துப்பாக்கிச் சத்தமும். நான் போனது செப்டம்பர் கடைசியில். பாதையோரம் ஹெதர்ச் செடி ஊதாப் பூவோடு வாடத் தொடங்கியிருந்தது. காலையில் குளத்துக்கு மேல் பனி ஒரு முழ உயரத்துக்குப் படுத்திருக்கும், அதற்கு மேலே வெயில் தெளிவாக அடிக்கும். இப்படி ஒரு வெளிச்சத்தில் வளர்ந்த பிள்ளை அப்படி ஒரு மாளிகையைக் கற்பனை செய்ததில் ஆச்சரியமே இல்லை.

லா ஷபேல்-தான்ஜியோனில் ஆன்ரி 1886 அக்டோபர் 3 அன்று தாத்தா பாட்டி வீட்டில் பிறந்தான். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. அங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் இருக்கும் நான்சேதான் என்னை இழுத்தது. அங்கே அவனுடைய மாமா ஃப்ளோரென்தேன் கடை வைத்திருந்தார். விவசாயியும் வேட்டைக்கார ஜமீன்தாரும் ஒரே வாசல் வழியாக வந்து துணி, மளிகை, துப்பாக்கித் தோட்டா என்று எல்லாம் வாங்கிப்போகும் கடை. கோடை விடுமுறையின் கடைசி வாரங்களில் சொந்தபந்தமெல்லாம் அந்த வீட்டில் கூடும். நாவலில் மாமாவின் பெயரைக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறான். ஊர்ப் பெயருக்கு முன்னால் 'பழைய' என்று சேர்த்ததோடு சரி.

இந்தக் கடையில்தான் நாவலின் மிக மென்மையான அடி விழுகிறது. மாதக்கணக்காக இரண்டு பையன்களும் வரைபடம் வரைந்து, அடித்து, மறுபடி வரைந்து தேடிய அந்த மாளிகையைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண் மாமா கடைக்குச் சாமான் வாங்க வருகிறவள். குடும்பம் நொடித்துப்போய், கட்டடங்களை விற்றுவிட்டார்கள், வாங்கியவர்கள் இடித்துவிட்டார்கள் என்று ஊரார் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒருவனுக்குச் சொர்க்கமாக இருந்த இடம் இன்னொருவருக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் பக்கத்துக் காணி. அதைக் கேட்ட நிமிடத்தில் ஃபிரான்சுவாவுக்கு என்ன ஆகியிருக்கும்? சிறுவயது முதல் வருடந்தோறும் வந்துபோன ஊர். தன் விடுமுறையிலிருந்து நடக்கும் தூரத்தில் அது இருந்திருக்கிறது. வழி தொலைத்தவனுக்குக் கிடைக்காதது, எங்கும் போகாதவன் கைக்கு வந்து சேர்கிறது. அவன் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மோனிடம் சொல்லக் கிளம்புகிறான்.

நான்சேயில் தேவாலயத்துக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய வெண்ணெய் பிஸ்கட் ஒரு பொட்டலம் வாங்கினேன். கையில் எடுத்தாலே ஓரம் உதிர்கிறது. நாக்கில் வைத்ததும் கரைந்துபோகிறது. ஊருக்கு வெளியே வானத்தைக் கேட்கும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. முந்நூறு மீட்டர் நீளமுள்ள கம்பிவலைக் கண்ணாடி, காட்டின் நடுவே. கோட்டையின் பழைய துணைக்கட்டடங்களில் ஒரு கலைக்கூடம். ஃபூர்னியேவுக்கென்றும் அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மாலையில் ஒரு குளத்தங்கரைப் பாதையில் நடந்தேன். ஒரு கிலோமீட்டர் போனதும் கம்பிவேலி. ஆளுயரத்துக்கும் மேலே. வேலியை ஒட்டியே நடந்தேன், முடிவே தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு கூரையின் கற்பலகை பளபளத்தது. இந்தச் சீமையில் பெரிய வேட்டைக் காணிகள் இப்படி அடைத்துக்கொண்டது பெரும் சச்சரவாகி, 2023 பிப்ரவரியில் ஃபிரான்ஸ் ஒரு சட்டமே கொண்டுவந்தது. வேலி 1.20 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, கீழே 30 செ.மீ. இடைவெளி விட வேண்டும், மானும் பன்றியும் கடந்துபோக வேண்டும் என்று. நல்ல சட்டம். மிருகங்களுக்கு வழி வந்துவிடும். ஆனால் ஒரு குளிர்கால இரவில் வழி தவறிய பள்ளிக்கூடத்துப் பையன் வண்டியோடு உள்ளே போய்விட முடியுமா? அந்தக் கூரையைப் பார்த்தபடி இருட்டும்வரை நின்றேன். உள்ளே யாரோ ஒரு விளக்கைப் போட்டார்கள்.

மறுநாள் தெற்கே எபினேய்க்குக் கார் ஓட்டும்போதுதான் ஃபூர்னியே செய்த வேலை எனக்கு முழுதாக உறைத்தது. நான்சேயிலிருந்து எபினேய்க்கு நேர்க்கோட்டிலேயே தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நாவலில் பள்ளிக்கூடம் இருக்கும் ஊர் சேன்-அகாத். அந்தப் பள்ளியும் முற்றமும் மச்சும் அப்படியே எபினேய்தான். ஆனால் அங்கிருந்து வண்டி கட்டிப் போகும் ரயிலடி வியேர்சோன். நிஜ எபினேயிலிருந்து எந்தக் குதிரையும் ஒரு பிற்பகலில் போய்ச் சேர முடியாத தூரம். தெற்கில் தான் வளர்ந்த பள்ளியைப் பெயர்த்தெடுத்து, வடக்கில் விடுமுறை கழித்த காட்டின் ஓரத்தில் வைத்துவிட்டான். வருடத்தின் பெரும்பகுதி இங்கே, சில வாரம் அங்கே என்று வாழ்ந்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே ஊராக இருந்திருக்க வேண்டும் என்ற ஆசைதான். அதனால் மோனின் பாதையைத் தேடும் வாசகர்கள் எந்த வரைபடத்திலும் அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. நடுவிலிருந்த தொண்ணூறு கிலோமீட்டரை எழுதியவனே எடுத்துவிட்டான்.

வழியில் துரோன்சே காட்டின் விளிம்பு. பதினேழாம் நூற்றாண்டில் கடற்படைக்குக் கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று அமைச்சர் கொல்பேர் சீர்செய்த ஓக் காடு. இன்றைக்கு அந்த மரம் திராட்சை மது பீப்பாய்க்குப் போகிறது. காட்டை ஒட்டி ஒரு சிற்றூர், மோன் என்ற பெயர்ப்பலகை. நாவலின் நாயகனுக்குப் பெயர் கொடுத்த ஊர். ஒரேயொரு எழுத்தை, உச்சரிப்பில் வராத எழுத்தை, கடைசியில் சேர்த்துக்கொண்டான் ஃபூர்னியே. காரை நிறுத்திப் பலகையைப் பார்த்தேன். அந்தத் தலைப்பு மொழிபெயர்ப்பாளர்களைப் படுத்தும் பாடு பெரிது. 'கிரான்' என்றால் உயரமானவன், பெரியவன், மேன்மையானவன் எல்லாமும். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு தலைப்பு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்று எனக்குப் படுகிறது. 'பெரிய மோன்' என்றால் போதும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒருவனைப் 'பெரியவன்' என்று கூப்பிடும்போது உடம்பின் உயரம், வயது, அவன்மேலுள்ள மலைப்பு மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

இந்தக் கதைக்கு ஒரு நிஜமான பெண் உண்டு. 1905 ஜூன் 1, பாரிஸ். கிரான் பலே கண்காட்சி மாளிகையின் படிகளில் ஒரு பெண் வயதான மாதுடன் இறங்கி வருகிறாள். பதினெட்டு வயது ஆன்ரி பார்க்கிறான். பின்தொடர்கிறான். அவர்கள் செய்ன் ஆற்றில் படகேறினால் இவனும் ஏறுகிறான். வீட்டு வாசல்வரை போய் நிற்கிறான். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிறன்று அவளோடு பேசிவிடுகிறான். நதிக்கரை ஓரமாகச் சேர்ந்து நடக்கிறார்கள். தன்னைப் பின்தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். அவ்வளவுதான். பெயர் இவோன் த கியெவ்ரகூர். அடுத்த வருடம் அதே நாளில் அதே இடத்தில் போய் நின்றான், அவள் வரவில்லை. 1907-இல் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது தெரிந்தது. எட்டு வருடம் கழித்து, நாவலை எழுதி முடித்த 1913-இல், மறுபடி சந்தித்தான். அவளுக்கு அப்போது இரண்டு குழந்தைகள்.

பயணம் கிளம்புவதற்கு முதல் நாள் அந்தப் படிகளில் நானும் இறங்கிப் பார்த்தேன். அகலமான கல் படி. அங்கிருந்து நதி பக்கம்தான். சில நிமிடப் பேச்சை ஒருவன் எட்டு வருடம் சுமந்திருக்கிறான். நடுவில் அவன் வாழாமலும் இல்லை. லண்டனில் சுவர்க்காகிதத் தொழிற்சாலையில் ஒரு கோடை வேலை பார்த்தான். நுழைவுத் தேர்வில் தோற்றான். இராணுவச் சேவை முடித்தான். பத்திரிகையில் இலக்கியப் பத்தி எழுதினான். பூர்ஜைச் சேர்ந்த தையற்காரப் பெண் ஒருத்தியோடு காதலும் சண்டையுமாக இருந்தான். நாவலில் ஃபிரான்ட்சைக் கைவிட்டு ஓடிய மணப்பெண் வாலந்தீன் அவளிலிருந்து பிறந்தவள் என்பார்கள். இத்தனைக்கும் அடியில் அந்தப் படிக்கட்டு இருந்துகொண்டே இருந்தது. அதைத் தூய காதல் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கே அது தெரிந்திருக்கிறது என்பதுதான் நாவலின் பலம்.

பாருங்கள், மோன் இவோனை மறுபடி சந்திக்கும் நாளை எப்படி எழுதியிருக்கிறான் என்று. ஆற்றங்கரையில் எல்லாரும் கூடிக் களிக்கும் ஒரு விருந்து. இத்தனை நாள் தேடியவள் எதிரே நிற்கிறாள். மோன் அவளிடம் என்ன கேட்கிறான்? அந்தப் பழைய அறையின் சாமான்கள் எங்கே, படகுகள் எங்கே, அந்த மாளிகை எங்கே. ஒவ்வொன்றாகக் கேட்கிறான். எல்லாம் போய்விட்டது, விற்றாயிற்று என்று ஒவ்வொரு முறையும் அவள் சொல்ல வேண்டியிருக்கிறது. மிஞ்சியிருப்பது பெலிசேர் என்ற ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை. கேள்விகள் ஓயவில்லை. அவள் கண் கலங்கிப்போகிறது. எதிரே நிற்கும் பெண்ணைப் பார்க்காமல் அவள் வழியாக ஒரு பழைய இரவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைவிடக் கொடுமையாகக் காதல் கலைவதை நான் எங்கும் வாசித்ததில்லை. யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஓரமாக நின்று இதையெல்லாம் கவனிக்கிறவன் ஃபிரான்சுவா.

எபினேயில் பள்ளி இப்போது அருங்காட்சியகம். வகுப்பறையில் சாய்வு மேசைகள் இருக்கின்றன. பின்வரிசையில் உட்கார்ந்தேன், முழங்கால் பலகையில் இடித்தது. மைக்கூட்டுக் குழியைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. ஓரத்தில் யாரோ கத்தியால் எழுத்துகளைக் கீறத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தேன். விளிம்புகள் மழுங்கி வழவழவென்று இருந்தது. எனக்கு முன் எத்தனையோ விரல்கள் இதே இடத்தில் சும்மா தேய்த்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கின்றன. ஆன்ரியும் தங்கை இசபேலும் சொந்தத் தகப்பனிடமே பாடம் படித்த அறை. வகுப்பில் அவர் அப்பா இல்லை, ஆசிரியர். நாவலிலும் ஃபிரான்சுவா அவரை 'திருவாளர் செரேல்' என்றுதான் சொல்கிறான்.

அன்று மதியம் பார்வையாளர் அதிகம் இல்லை. ஒரு முதிய தம்பதி பேத்தியோடு வந்திருந்தார்கள். பாட்டி அந்தச் சிறுமியிடம் முற்றத்துக் கதவைக் காட்டி, இங்கேதான் ஒரு குதிரை வண்டி மட்டும் திரும்பி வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி வந்தது, ஓட்டிப்போனவன் வரவில்லை என்று. சிறுமி கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

மச்சிலிருந்து இறங்கும்போதுதான் அந்தக் காட்சி வந்து என்னைப் பிடித்தது. இவோன் இறந்த வீட்டில் மாடிப்படி ஒடுக்கம். சவப்பெட்டியை மேலே ஏற்ற முடியவில்லை. அவளைக் கையில் ஏந்தி இறக்க வேண்டும் என்கிறார்கள். புருஷன் இல்லை, எங்கேயோ தன் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். ஃபிரான்சுவா தூக்குகிறான். கால் சரியில்லாத பையனாக வளர்ந்தவன், வாழ்நாளில் ஒருமுறையும் அவள் கையைப் பற்றி ஒரு சொல் சொல்லாதவன், அவள் பாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறான். மூச்சு வாங்குகிறது. தன் தலையை அவள் தலைமேல் சாய்க்க, கூந்தல் அவன் வாய்க்குள் போகிறது. அதன் சுவையை மண்ணின், மரணத்தின் சுவை என்கிறான். தன் காதலைப் பற்றி அந்த நாவலில் ஃபிரான்சுவா எங்கும் நேராகச் சொல்வதில்லை. இந்த ஒரு படியிறக்கம்தான் சொல்கிறது.

பத்தொன்பது வயதில் அந்தப் பக்கத்தை எப்படிக் கடந்தேன் என்றே நினைவில்லை. எபினேய் மச்சுப்படியில் நான்காவதோ ஐந்தாவதோ படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே அந்தத் தாத்தா ஏற வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு எழுந்தேன். "உட்காருங்கள், உட்காருங்கள்" என்றார். தானும் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

நாவல் 1913-இல் 'நூவேல் ரெவ்யூ ஃபிரான்சேஸ்' இதழில் ஜூலை முதல் நவம்பர்வரை தொடராக வந்தது. கோன்கூர் பரிசுக்குப் பதினோரு சுற்று வாக்கெடுப்பு நடந்து, கடைசியில் கைநழுவிப் போயிற்று. அடுத்த நாவலை எழுதத் தொடங்கியிருந்தான். 1914 ஆகஸ்டில் போர். 288-ஆம் காலாட்படைப் பிரிவில் லெப்டினன்ட். செப்டம்பர் 22 அன்று வெர்தனுக்குத் தெற்கே ஒரு காட்டில் தன் ஆட்களோடு முன்னேறிப் போனவன் திரும்பவில்லை. இருபத்தெட்டு வயது நிறைய பதினோரு நாள் பாக்கி. உடல் கிடைக்கவில்லை, காணாமற்போனவர் என்று எழுதினார்கள்.

அந்தச் சொல் தங்கை இசபேலை எவ்வளவு காலம் அலைக்கழித்திருக்கும். அவள் கணவர் ஜாக் ரிவியேர், ஆன்ரியின் பள்ளித்தோழர். இரு நண்பர்களும் எழுதிக்கொண்ட கடிதங்களே தொகுதி தொகுதியாக வந்திருக்கின்றன. ரிவியேரும் போரின் முதல் மாதத்திலேயே ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். ஒரே நேரத்தில் கணவனுக்காகவும் அண்ணனுக்காகவும் அவள் வாசலைப் பார்த்திருந்தாள். கணவர் உயிரோடு வந்தார், 1925-இல் இறந்தார். அண்ணன் வரவேயில்லை. அவனைப் பற்றி அவள் எழுதினாள், அவன் கடிதங்களைத் திரட்டினாள், அவன் பெயரை வாசகர் மறக்காமல் பார்த்துக்கொண்டாள். 1967-இல் நாவல் திரைப்படமாக வந்ததையும் பார்த்துவிட்டு 1971-இல் இறந்தாள். ஃபிரான்சுவா செரேலை ஆன்ரி எங்கிருந்து எடுத்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலதும் சொல்கிறார்கள். எனக்கு அந்த மச்சில் கூடவே வளர்ந்த தங்கைதான் தோன்றுகிறாள்.

பயணத்தின் கடைசி நாள் வெர்தன் பக்கம் போனேன். சேன்-ரெமி-லா-கலோன் எபினேயைவிடச் சின்ன ஊர். 1991-இல், எழுபத்தேழு வருடம் கழித்து, அந்தக் காட்டில் ஒரு குழியைக் கண்டுபிடித்தார்கள். இருபத்தொரு ஃபிரெஞ்சு வீரர்கள். வயது, உடுப்பு, பற்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஆட்களை அடையாளம் கண்டார்கள். ஒருவர் அலேன் ஃபூர்னியே. அடுத்த ஆண்டு நவம்பரில் எல்லாரையும் ஊரின் இராணுவக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

தேவாலயத்தை ஒட்டிய சிறு புல்வெளி. வெள்ளைச் சிலுவைகள். அவன் சிலுவைக்குத் தனி அலங்காரம் ஏதும் இல்லை, மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. சில நாட்களுக்கு முன் நினைவுநாள் வந்து போயிருந்தது. பூக்கள் வாடிக் கிடந்தன. ஒருவர் நீர் தெளிக்கும் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

காட்டுக்கும் போனேன். குழி இருந்த இடம் ஓக், பீச் மரங்களுக்கு நடுவே. அகழ்ந்தபோது எடுத்த வரைபடத்தை முன்பே பார்த்திருக்கிறேன். உடல்கள் தாறுமாறாகக் கிடக்கவில்லை. இரண்டு வரிசை, ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால் வருமாறு, ஒடுக்கமான இடத்தில் நெருக்கமாக. எதிரிப் படையினர் அடக்கம் செய்தது. சண்டை ஓய்ந்த அந்தக் காட்டில் யாரோ சில ஜெர்மானியப் பையன்கள் தாங்கள் கொன்ற இருபத்தொரு பேரையும் தூக்கி வந்து, ஒவ்வொருவராகக் குழிக்குள் இறக்கி, நேராகக் கிடத்தியிருக்கிறார்கள். பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தேன். எல்லாம் உதிர்ந்து தூளாகியிருந்தது. மழை தூறத் தொடங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.